முப்பத்துநாலரை அங்குலம்

செகந்திராபாத்
3-6-1987

அன்புள்ள ராணிக்கு ஏசுதாசன் எழுதுவது.

நான் சுகம். மாமாவின் கண்ணில் கட்டு அவிழ்த்தாயிற்றா, வெளிச்சத்தைப் பார்க்க முடிகிறதா என்று எழுது. தார்ப்பாய்க் கடையை நீ ஒருத்தியாகச் சமாளிப்பதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

இங்கே ஏரியில் பாய் கட்டிய பலகை விடப் பழகுகிறேன் என்று எழுதியதற்கு, பட்டாளத்தில் சம்பளம் கொடுத்து விளையாட விடுகிறார்களா என்று கேட்டிருந்தாய். அந்த விளையாட்டில்தான் இப்போது நம் பிழைப்பே நிற்கிறது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தேர்வுப் போட்டி. பதினோரு பேரில் நான்கு பேரை எடுப்பார்கள். எடுத்தால் மூன்று வருடம் இதே ஊர், குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ். காலியாக இருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு வேப்பமரம். எடுக்காவிட்டால் செப்டம்பரில் பழைய யூனிட்டோடு மலை எல்லைக்குப் போக வேண்டும், அங்கே குடும்பம் கிடையாது. நமக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது மாதம். சேர்ந்து இருந்தது அறுபத்தொரு நாள்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பலகை மேல் நின்று பாயின் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காற்றில் போக வேண்டும். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். அதற்காக உடம்பில் ஒரு வார் கட்டுவார்கள். வாரின் முன்பக்கம் ஒரு கொக்கி. கம்பில் தொங்கும் கயிற்றில் கொக்கியை மாட்டிப் பின்னால் சாய்ந்தால் பாயின் இழுவை கைக்கு வராமல் உடம்புக்கு வரும். வாரில் இரண்டு வகை. ஒன்று இடுப்பு வார், அகலமான பெல்ட் மாதிரி, கொக்கி தொப்புளுக்கு நேரே. மாட்டுவதும் சுலபம், கழற்றுவதும் சுலபம், உடம்பை இஷ்டத்துக்குத் திருப்பலாம். இன்னொன்று சீட் வார். பின்புறத்தையும் இரண்டு தொடையையும் சுற்றிவரும், கொக்கி கீழே இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு கரையில் நடந்தால் அரைக்கச்சை கட்டிய குழந்தை மாதிரி இருக்கும். நம் கடமலைக்குண்டு தவசி என்னோடு இங்கே பலகை பழகுகிறான் அல்லவா, சீட் வார் கட்டியவனைப் பார்த்தால் "தாத்தா தொட்டில்ல ஏறிட்டாரு" என்று கத்துவான். எனக்கு இடுப்பு வார்தான் வேண்டும்.

இங்கிருப்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, அதிகாரிகளுக்கே போதவில்லை. லாரிக்குத் தைக்கிற உன் கை இதற்குத் தாராளமாகப் போதும். புத்தகத்தில் வந்த படத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கொக்கி என்னிடம் இருக்கிறது. அளவு நாடாவும் உள்ளே இருக்கிறது. உங்கள் கடை வழக்கப்படி முதுகெலும்புக்கு நேரே மையால் புள்ளி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தோஷம். இங்கே ஆஸ்பத்திரியில் ஏலியம்மா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். குமுளிக்காரி. கம்பம் சந்தையில் தக்காளி வாங்கி வளர்ந்தவள். நம் பக்கத்துத் தமிழைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

உன்
ஏசுதாசன்


தேனி
13-6-1987

அன்புள்ள அத்தானுக்கு ஜெபராணி எழுதிக்கொண்டது.

கர்த்தர் கிருபையால் அப்பாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்கள் யாரென்று குரலை வைத்துச் சொல்கிறார்கள்.

குவார்ட்டர்ஸ் விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு ஊசி ஓடவில்லை. வேப்பமரம் அடுப்படிப் பக்கமா, அறைப் பக்கமா என்று எழுதவில்லையே. கொடி கட்ட வேண்டும்.

அப்புறம் நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். முப்பத்துநாலரை அங்குலம்.

உங்கள் கல்யாண பேண்டை இடுப்பில் பிரித்துத் தைத்தவள் நான். முப்பது. போன டிசம்பரில் லீவு முடிந்து போகும்போதும் அதே பேண்டைத்தான் போட்டுக்கொண்டு போனீர்கள், பெல்ட் வேறு கட்டினீர்கள். ஆறு மாதத்தில் நாலரை அங்குலம் ஏறியிருக்கிறது. பட்டாளத்து ரொட்டிக்கு இவ்வளவு சத்து இருந்தால் நம் ஊரில் பாதிப் பேர் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார்கள். யாரோ உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டால்தான் ஆம்பிளைக்கு இடுப்பு இப்படிப் பெருக்கும்.

அடுத்தது நாடா. அது டேப்பும் இல்லை, சணல் நூலும் இல்லை. புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைக் கிழித்தது. ஓரத்தில் மருந்து வாடை இன்னும் போகவில்லை.

மூன்றாவது, அந்தப் புள்ளி. எங்கள் கடையில் குதிரைக்குச் சேணம் அளந்த காலத்திலிருந்து முதுகெலும்புக்கு நேரே புள்ளி வைக்கிறோம். குதிரைக்கு நாங்கள் வைப்போம். மனிதன் தன் முதுகெலும்பில் தானே புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. கை போகாது. போனாலும் கோணலாகப் போகும். இந்தப் புள்ளி கடுகு மாதிரி உருண்டையாக இருக்கிறது. பக்கத்தில் நின்று, நிதானமாக, நல்ல பேனாவால் வைத்த புள்ளி.

நர்ஸ் இருப்பது ஆஸ்பத்திரியில் என்றீர்கள். உங்களுக்கு அங்கே என்ன வேலை? தக்காளி வாங்கப் போனீர்களா?

வாரை வெட்டும் முன்னால் ஒரு ஆள்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றும் லாரி கர்ணன் உங்கள் உயரம், உங்கள் வாகு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு இடுப்பு முப்பதுதான்.

ஜெபராணி


செகந்திராபாத்
23-6-1987

ராணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கியது மாதிரி இருக்கிறது.

புள்ளியை வைத்தது எங்கள் லயனில் துணி வெளுக்கிறவர். நாடா அவர் கையில் இருந்த துணி. இடுப்புப் பெருத்தது தேகப்பயிற்சியால். ஆஸ்பத்திரிக்குப் போனது தடுப்பூசிக்கு. போதுமா?

நான் ஒரு வார் கேட்டேன். உன்னிடம் விசாரணை கேட்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? கர்ணனைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நம் கல்யாணத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்ட மரத்தில் ஏறி, இறங்கிவந்து உன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன் அவன்தான். ஆல்பத்தில் இருக்கிறது. நான் கண்ணை மூடியிருக்கிறேன், அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் இடுப்பு முப்பது என்று உனக்கு எப்படித் தெரியும்? அளந்த பிறகு எழுதினாயா, அளப்பதற்கு முன்பே எழுதினாயா? "நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதிய வரிக்கு அடுத்த வரியிலேயே முப்பது என்று இருக்கிறது. நானும் கொஞ்சம் படித்தவன்தான்.

கல்லாவில் மாமா இருக்கிறார் என்று சொல்லாதே. அவருக்குக் கண் தெரியாது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய்.

வாரைச் சீக்கிரம் அனுப்பு. முப்பத்துநாலரை. ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. ஏன் எதற்கு என்று கேட்காதே.

ஏசுதாசன்


தேனி
3-7-1987

அத்தானுக்கு,

கர்ணன் வந்தான். மரத்தூண் மாதிரி நின்றான். அளந்தது கடையில் தைக்கிற சண்முகத்தாய், நான் எழுதிக்கொண்டேன். முப்பது என்று முன்பே எப்படித் தெரியும் என்றால், பணம் வைக்க இடுப்புப் பெல்ட் தைத்துக் கொடுத்த ஆளின் அளவு நோட்டில் இருக்கும். தேனியில் முக்கால்வாசி டிரைவர்களின் இடுப்பு எனக்குத் தெரியும். என் புருஷன் இடுப்பு மட்டும்தான் தெரியாமல் போய்விட்டது.

துணி வெளுக்கிறவர் வைத்த புள்ளி என்கிறீர்கள். சரி. அவருடைய பெயர் என்ன? போன லீவில் உங்கள் லயனில் இருக்கும் நாய்க்குக்கூடப் பெயர் சொன்னீர்கள். புள்ளி வைத்தவருக்குப் பெயர் இல்லையா?

கேட்காதே என்றால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பக்கத்திலிருந்தவள், "வீட்டுக்காரவுக எப்ப வாராக" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பொறாமைதான் அத்தான். மூடி வைக்கத் தெரியவில்லை. கொதிக்கிறது. அவள் குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது, ஆனால் அவளுடைய விரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். புள்ளியைப் பார்த்தாலே தெரிகிறது.

இடுப்பு வாரை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று அடுக்கு கான்வாஸ், உள்ளே ரப்பர் பஞ்சு, மெழுகு நூலில் இரட்டைத் தையல். யானையைக் கட்டினாலும் பிரியாது. துணியை இரண்டு தடவை நனைத்துச் சுருங்க விட்டுத்தான் வெட்டினேன். தொழிலில் துரோகம் செய்ய மாட்டேன்.

ஆனால் முப்பது அங்குலத்துக்குத்தான் தைத்திருக்கிறேன். நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆளுக்கு அதுதான் அளவு. முப்பத்துநாலரை யாருடைய ஆளோ, அவளே தைத்துக் கொடுக்கட்டும்.

ஜெபராணி


செகந்திராபாத்
18-7-1987

அன்புள்ள ராணி,

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

பார்சலைப் பிரித்து வாரைக் கட்டிப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. தவசி பக்கத்தில் நின்று சிரித்தான். எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. சட்டைக்கு அடியில் நான் ஒன்று கட்டியிருந்தேன், அதைக் கழற்றிப் போட்டேன். உன் வார் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. முப்பது. நீ சரி.

கழற்றியது என்னவென்று இப்போது சொல்கிறேன். ஏப்ரலில் பலகையிலிருந்து விழுந்தேன். கம்பு நடு முதுகில் அடித்தது. எலும்புக்கு நடுவில் உள்ள தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. பெரிய டாக்டரிடம் போனால் எழுதிவிடுவார், எழுதினால் தேர்விலிருந்து பெயர் போய்விடும், குவார்ட்டர்ஸும் போய்விடும். ஏலியம்மா யாருக்கும் தெரியாமல் எனக்கு முதுகுப் பட்டை கொடுத்தாள். இரும்புத் தகடு வைத்த தடித்த பட்டை. அதற்கு மேலேதான் முப்பத்துநாலரை. அவள்தான் அளந்தாள். அவள்தான் புள்ளியும் வைத்தாள். நாடாவில் மட்டுமில்லை, முதுகிலும். பட்டையின் மெத்தை எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அடையாளத்துக்கு ஊதா மருந்தில் ஒரு புள்ளி. அழிய அழிய, வாரத்துக்கு ஒரு தடவை வைக்கிறாள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நெட்டை. உன் வயதுதான். அழகிதான். பொய் ஒன்று சொல்லி அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எங்களுக்குள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அவளே கேட்டாள், "வீட்டுக்காரியிட்ட சொல்லாம எத்தன நாளு இப்படி? எனிக்கு பேடியாணு" என்று. பயம் வந்தால் அவளுக்கு மலையாளம் வந்துவிடும். முதல் நாளிலிருந்து சீட் வார் வாங்கச் சொன்னவளும் அவள்தான். சீட் வார் கேட்டால் முதுகு போய்விட்டது என்று ஏரிக்கே தெரிந்துவிடும் என்று நான்தான் கேட்கவில்லை.

பட்டையில்லாமல் உன் வாரைக் கட்டி இரண்டு நாள் ஓட்டினேன். முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் கரைக்கு வந்து கொக்கியைக் கழற்றினேன், நிமிர முடியவில்லை. தவசி தூக்கிக்கொண்டு வந்து போட்டான். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. நீ கோபத்தில் தைத்தாய், நான் கோபத்தில் கட்டினேன். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்.

உன்
ஏசுதாசன்

பி.கு.: கர்ணன் விஷயத்தை நான் மறக்கவில்லை.


தேனி
27-7-1987

என் அத்தானுக்கு,

நான் தைத்த வாரில் என் புருஷன் முதுகு போயிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் திசையைப் பார்த்துச் சொன்னாக, "கோவத்துல தச்சத எவளாச்சும் அன்னைக்கே பார்சல் போடுவாளாத்தா. ஒரு நாளு ஆறப் போட்டிருக்கலாம்ல." அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அழுது முடித்துவிட்டு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து ஒரு சீட் வாரும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இடுப்பு வாரும் வெட்டினேன். இந்தத் தடவை நோட்டை நம்பவில்லை, யார் பேச்சையும் நம்பவில்லை. ஆடிக் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீரபாண்டி ரோட்டுப் பொட்டலுக்கு இரண்டு வாரையும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் பழைய காக்கி பேண்டைப் போட்டுக்கொண்டேன். ஒரு தார்ப்பாயின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, கர்ணனும் சண்முகத்தாயும் ஆளுக்கொரு பக்கம் நிமிர்த்திப் பிடித்தார்கள். நடுக்கயிறு என் வாரில் மாட்டிய லாரிக் கொக்கியில். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பாஸ்டர் அம்மாவும் பார்த்துவிட்டார்கள்.

முதலில் இடுப்பு வார். காற்று இழுத்ததும் சாய்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது, இடுப்பைத் திருப்ப முடிந்தது. ஐம்பது எண்ணுவதற்குள் வார் மேலே ஏறி விலாவைப் பிடித்தது. இழுவை எல்லாம் பின்னால் ஒரே இடத்துக்கு வந்தது. கையை வைத்துப் பார்த்தேன். நாடாவில் புள்ளி இருந்த அதே இடம்.

அப்புறம் சீட் வார். காற்று இழுத்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். நிஜமாகவே யாரோ ஸ்டூல் போட்ட மாதிரி. இழுவை தொடைக்கும் பின்புறத்துக்கும் போய்விட்டது, முதுகுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருநூறு எண்ணினேன். குறையும் இருக்கிறது. காற்று சட்டென்று புரண்டு தார்ப்பாய் என்மேல் கவிழ்ந்தபோது கொக்கி கீழே இருந்ததால் கை தடுமாறியது. முழங்கையில் தோல் போய்விட்டது. தண்ணீருக்குள் இது நடந்தால் என்ன ஆகும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். லாரிக்காரர்கள் தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார்கள், எத்தனை மூட்டை அழுத்தினாலும் நிற்கும், வாலைப் பிடித்துச் சுண்டினால் அவிழும். கொக்கித் தகட்டை வாரோடு அந்த முடிச்சில்தான் கட்ட வேண்டும். வாலை வலது தொடைப் பக்கம் விட்டிருக்கிறேன், நுனியில் சிவப்புத் துணி. கவிழ்ந்தால் அதை இழுங்கள்.

தொடை அளவு அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை எனக்கு யாரும் அளந்து அனுப்ப வேண்டாம். எனக்குத் தெரியும்.

கர்ணன் ஏலக்காய் லோடோடு ஐதராபாத் வருகிறான். வாரை அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன். முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அவள் அழகி என்று எழுதினீர்கள். தாங்கிக்கொண்டேன். அவள் கை உங்கள் முதுகில் பட்டதையும் தாங்கிக்கொள்வேன், நர்ஸ் என்றால் கை படத்தான் செய்யும். உங்கள் இரண்டு பேருக்குள் ஒரு ரகசியம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கே தெரிய வேண்டும். அவளிடம் மட்டும் இருக்கக் கூடாது.

ஜெபராணி


செகந்திராபாத்
10-8-1987

அன்புள்ள ராணிக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலாம் தேதி கர்ணன் வந்தான். கேட்டில் நின்று சீட்டுக் கொடுத்துக் கூப்பிட்டனுப்பினான். என்னைவிட அரை அங்குலம் உயரம் என்பதைக் கவனித்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டேன். பாவம், டீயைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, அக்கா என்னையத் தூணு கணக்கா நிக்க வச்சாக. ஒரு தடவ கூட மொகத்தப் பாக்கல. 'அவுக இடுப்பு இப்படி இருக்காது, அவுக தோளு இப்படித் தொங்காது'ன்னு என்னையத் திட்டிக்கிட்டேதான் நின்னாக. பொட்டல்ல தார்ப்பா கவுந்தப்பக்கூட 'வாரு கிழிஞ்சிருச்சா பாருடா'ன்னுதான் கேட்டாக. அவுக கையில ரத்தம் ஒழுகுது." அவனுக்கு இன்னொரு டீ சொன்னேன். அந்தப் போட்டோவை மட்டும் ஆல்பத்திலிருந்து எடுத்துவிடு.

ஆறாம் தேதி சீட் வாரைக் கட்டினேன். தொடையில் வார் வந்து உட்கார்ந்ததும் உடம்பு கூசியது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தவசி "தொட்டில்" என்று கத்தினான், நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கியை மாட்டி உட்கார்ந்தேன். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வலி இல்லாமல் ஏரியை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்தேன். திரும்பி வந்தபோது நேரத்தைப் பார்த்தார்கள். பதினோரு பேரில் இரண்டாவது.

கரையில் ஏலியம்மா நின்றிருந்தாள். "இனி யாருக்கும் தெரியாது, ஜெயிச்சிரலாம்" என்றாள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயித்தால் மூன்று வருடம். நீ குவார்ட்டர்ஸில் சோறு வடித்துக்கொண்டிருப்பாய். நான் வாரத்துக்கு ஒரு தடவை பின்பக்க வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் புள்ளி வாங்கிக்கொண்டு வர வேண்டும். உன்னைக் கூட்டிவந்து அந்தப் பொய்க்குப் பக்கத்தில் குடிவைக்க வேண்டும்.

அன்றைக்கே எங்கள் அதிகாரி சாகிப்பின் முன்னால் போய் நின்று முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பட்டை கொடுத்தது யார் என்று கேட்டார். நான் கெஞ்சி வாங்கியது, கொடுத்தவர் மேல் பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், பட்டியலில் என் பெயரை அடிக்கும்போது ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார்.

நேற்றுப் போட்டி நடந்தது. நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். தவசிக்கு இடுப்பு வார் பக்கிள் உடைந்துவிட்டது. என் முன்னால் வந்து நின்றான். கொடுத்தேன் ராணி. என் தொடைக்கு நீ நினைவில் வைத்துத் தைத்ததை இன்னொருவன் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. அவனுக்குத் தொடையில் இரண்டு விரல் தொளதொளவென்று இருந்தது. அதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி. பாதி வழியில் கவிழ்ந்தான், சிவப்புத் துணியை இழுத்தான், மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினான். நாலாவதாக வந்தான். எடுத்துவிட்டார்கள்.

வேப்பமரத்து வீடு அவனுக்குத்தான் போகிறது. அவன் பெண்டாட்டிக்குத் தந்தி அடித்துவிட்டான்.

எனக்கு நாற்பது நாள் மருத்துவ லீவு. அதற்கப்புறம் டாக்டர்கள் போர்டு என்ன சொல்கிறதோ, தெரியாது. எல்லைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். இருபத்தைந்தாம் தேதி மதுரையில் இறங்கித் தேனி பஸ் பிடிப்பேன். உனக்கு வீடு வாங்கித் தர முடியவில்லை. வெறுங்கையோடு வருகிறேன்.

உன்
ஏசுதாசன்


தேனி
17-8-1987

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாக. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நீங்கள் வந்து நீங்களே சமாதானம் சொல்லுங்கள்.

வீடு போனதற்கு எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். பொய். வருத்தம்தான். அந்த வேப்பமரத்தில் நான் மனதுக்குள் கொடி கட்டி, உங்கள் சட்டையைக் காயப் போட்டு, எடுத்து மடித்தும் வைத்துவிட்டேன். இப்போது தவசி பெண்டாட்டி அங்கே துணி காயப்போடுவாள். லீவுக்கு ஊருக்கு வந்தவளைக் கடமலைக்குண்டுச் சந்தையில் பார்த்தால் பேச மாட்டேன். அதற்கடுத்த லீவில் ஒருவேளை பேசுவேன். அந்த வாரை மட்டும் தவசியிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அவனுக்கு வேண்டுமென்றால் அவன் அளவுக்கு வேறு தைத்து அனுப்புகிறேன். தொடை அளவை அவன் பெண்டாட்டி எடுத்து அனுப்பட்டும்.

என் கோபத்தில்தான் இதெல்லாம் ஆயிற்று என்று ஒரு பக்கம் அடித்துக்கொள்கிறது. அந்த வாரை ஒழுங்காக முப்பத்துநாலரைக்குத் தைத்திருந்தால் நீங்கள் பட்டையோடு ஓட்டியிருப்பீர்கள், வீடு கிடைத்திருக்கும். உங்கள் முதுகைப் பற்றி எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. இரண்டில் எது நல்லது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். மனது ஒரே பக்கம்தான் சாய்கிறது.

பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். உசிலம்பட்டி தாண்டியதும் ஒரு தடவை இறங்கி நில்லுங்கள். பட்டையைக் கட்டிக்கொண்டே வாருங்கள், வெட்கப்பட வேண்டாம். முப்பதோ முப்பத்துநாலரையோ, வந்த பிறகு நானே அளந்துகொள்கிறேன்.

ஏலியம்மாவுக்கு வேலைக்கு ஆபத்தில்லை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்தபோது உங்களை நிமிர்த்தி நிறுத்தியவள். கர்ணன் அடுத்த லோடுக்கு வரும்போது அவளுக்கு அரைக் கிலோ நல்ல ஏலக்காய் கொடுத்து அனுப்புகிறேன், பச்சை மாறாத சரக்கு. ஏலம் விளைகிற குமுளிக்காரிக்கே ஏலக்காய் அனுப்புகிறேன் என்று சண்முகத்தாய் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஊதாப் புள்ளி முதுகில் இன்னும் இருந்தால் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

உங்கள்
ஜெபராணி